சின்ன அத்தையின் மஞ்சள் மீசை

சின்ன அத்தைக்கு மீசை உண்டு என்பதே அவளுடைய நலங்கு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் பளிச்சென்று மஞ்சள் மீசை. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள்.

அதற்கு முன்பு சில நாளாகவே அத்தை பல்வலி என்று சொல்லி, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு திரிந்தாள். நலங்குக்கு முந்தின நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள், என்னை வெளியே காவல் வைத்தாள். "யார்னா என்னா நாத்தம்னு கேட்டா, பினாயில் ஊத்திக் கழுவறாங்கன்னு சொல்லு." மூக்கைப் பொசுக்கும் நெடி. பினாயில் அப்படி நாறாது என்று எனக்கே தெரியும். முடியை வெளுக்க வைக்கும் ப்ளீச் அது என்று பிற்பாடு அறிந்தேன். வெளியே வந்தபோது அத்தைக்குப் பல்வலி போயிருந்தது.

மறுநாள் பெரிய அத்தையும் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் போட்டி போட்டுக்கொண்டு அவள் முகத்தில் மஞ்சளை அப்பினார்கள். கழுவியதும் தோலிலிருந்து மஞ்சள் போனது. வெளுத்த முடியிலிருந்து போகவில்லை. உதட்டுக்கு மேலும் தாடையிலும் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஐயய்யோ, என்னாடி இது!" என்று பெரிய அத்தை அலறினாள். நான் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பயத்தம் மாவு, எலுமிச்சம்பழம், தேங்காயெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்ததில் தோல்தான் சிவந்தது. பெண் அழைக்க வரும் மாப்பிள்ளை வீட்டு வேன் நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டிவிட்டதாக அதற்குள் போன் வந்தது.

"இப்பிடியே பாத்தா வேணாம்னு திரும்பிப் போயிடுவாங்க அண்ணா," என்று சின்ன அத்தை அப்பாவிடம் அழுதாள்.

அப்பா போய்த் தன் சவரப் பெட்டியை எடுத்து வந்தார். பெரிய அத்தை குறுக்கே பாய்ந்தாள். "பொம்பள மூஞ்சில பிளேடு படலாமாடா? முள்ளு முள்ளா மொளைக்கும்!"

அத்தையை ஆம்பளை ஆக்கப் போகிறார்கள் என்றே நம்பினேன். அப்பா சோப்பு நுரையைத் தடவிவிட்டார். ஆனால் ரேசரை அவள் முகத்தருகே கொண்டுபோவதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தார்.

"குடு அண்ணா," என்று அத்தை அதை வாங்கிக்கொண்டாள்.

மேலுதட்டை நாக்கால் உள்ளிருந்து உப்ப வைத்து ஒரு இழுப்பு. கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துத் தாடையோரம் ஒரு இழுப்பு. கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. ஒரு கீறல் இல்லை.

நான் மட்டும் கைதட்டினேன். பெரிய அத்தை சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தினி வருஷமா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பத்தாவது படிக்கறப்பலேர்ந்து அண்ணி. தெனம் காலைல, நீங்கல்லாம் எழுந்துக்கறதுக்கு முன்னாடி." ரேசரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அங்க போய் அவரோட ஒரே ரூம்ல எப்பிடிப் பண்ணுவேன்? அதான் பல்வலின்னு சொல்லி வளரவிட்டு, ப்ளீச் வாங்கிப் போட்டேன்."

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கோ மாப்பிள்ளை வீட்டார் மேல் கோபம் கோபமாக வந்தது. அவ்வளவு பெரிய மூன்று மாடி வீட்டில், அத்தைக்கென்று தனியாக ஒரு ரூம் கொடுத்தால் என்னவாம்?