நாலரை ஸ்டார் வாங்கின படம்

அன்றைக்கு அந்த ரூமில் இருந்தவர்கள்.

பாய். பழவேற்காட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி பஜாரில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே இருக்கிற ரூம் அவருடையது. டிவியும் அவருடையது.

பிட்டர் அண்ணன். ஊத்துக்கோட்டைப் பக்கம். ஊரில் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. நான் வேலை செய்கிற கம்பி மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர், எங்களுக்கெல்லாம் மூத்தவர். யாரைக் கூப்பிட்டாலும் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

பையா. பீகார்காரர். நாற்பது வயது இருக்கும். அதே மில். இங்கே வந்து எட்டு வருஷம். தமிழ் பேசுவார். எல்லாரையும் நீ என்பார், மேனேஜரைக்கூட. மரியாதை தெரியாமல் இல்லை. தமிழ் அவருக்கு அவ்வளவுதான் வந்தது.

நான்.

வேறு யாரும் இல்லை. முதலில் ஆளைச் சொல்லிவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் மில்லில் பழக்கம். ஒரு வருஷமாகத்தான் அந்தப் பழக்கம். அது ஏன் வந்தது என்று சொன்னால்தான் படத்தைப் பற்றிச் சொல்ல முடியும்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற கேங்கில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். எட்டாவது ஆள் பையாவின் மச்சான். பையா பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. பையாதான் ஊரிலிருந்து கூட்டிவந்து சேர்த்துவிட்டார். வந்து நாலு மாசம். தமிழ் ஒரு வார்த்தை வராது. நல்ல வேலைக்காரன். சும்மா நிற்கத் தெரியாது.

அன்றைக்கு மெட்டீரியல் வரவில்லை. காலையிலிருந்து பெல்ட் நின்றுகொண்டிருந்தது. பெல்ட்டுக்குக் கீழே தூள் சேரும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். கீழே போகட்டுமா என்று அவன் பிட்டர் அண்ணனிடம் கையைக் காட்டிக் கேட்டான். அண்ணன் ஸ்பேனரும் கையுமாக வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "கல். கல் பந்த்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு மில் ஷட்டவுன், நாளைக்குச் செய் என்ற அர்த்தத்தில்தான் அண்ணன் சொன்னார்.

இந்தியில் நாளைக்கும் கல்தான், நேற்றுக்கும் கல்தான். கூட வருகிற வார்த்தையை வைத்துத்தான் எது என்று தெரியும். எங்கள் ஆட்கள் பேசுகிற இந்தியில் கூட வருகிற வார்த்தையே கிடையாது.

நேற்றிலிருந்தே பந்த் என்று அவன் எடுத்துக்கொண்டானோ என்னவோ. அவனைக் கேட்க முடியாது. உள்ளே போனான். மெட்டீரியல் வந்துவிட்டது. அவன் கீழே இருப்பது தெரியாமல் பெல்ட்டைப் போட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அண்ணன் தானாகவே சொன்னார். நான் கல்னு சொன்னேன் சார், நாளைக்குன்னு நெனச்சி சொன்னேன் என்று. எழுதிக்கொண்டு போனார்கள். அவர் மேல் ஒன்றும் வரவில்லை.

பையா அப்போது லீவில் ஊரில் இருந்தார். உடம்பு அங்கே போனது. காரியமெல்லாம் முடித்துவிட்டு பையா திரும்பி வந்தார். வந்த அன்றைக்கு அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பையா குடித்தார். அதைப் பற்றி இவரும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்புறம் தினமும் டீ குடித்தார்கள். ஒரு நாளும் அதைப் பேசவில்லை.

அண்ணனுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். தன் வார்த்தைதான் அவனைக் கொன்றது என்று பையா நினைக்கிறாரா, இல்லையா. என்னிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "நைனா, பையா இன்னா சொல்றாரு?" என்பார். ஒன்றும் சொல்லவில்லை என்பேன்.

அதற்கப்புறம்தான் இந்த ஆள் எண்ணுகிற பழக்கம். ஆளுக்கொரு நம்பர். பெல்ட் போடுவதற்கு முன்னால் அண்ணன் கையைத் தூக்குவார். எல்லாரும் வரிசையாக நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் வரவில்லை என்றால் ஸ்விட்ச் போடக்கூடாது. கல் என்று மட்டும் சொல்வதையும் விட்டுவிட்டார். ஆனேவாலா கல் என்பார். வரப்போகிற கல். வேறு கேங்கில் சேர்ந்த, விஷயம் தெரியாத புதுப் பசங்கள் அவருக்கு ஆனேவாலா என்று பேர் வைத்தார்கள். அவர் காதிலும் அது விழுந்தது.

படம் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல மழை. பஜாரில் தண்ணீர் நின்றது. வியாபாரம் இல்லை என்று பாய் கடையைச் சாத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். பிரியாணி வாங்கி வைத்திருந்தார்.

"போன வாரம் வந்த படம். பேப்பர்ல நாலரை ஸ்டார் போட்டுக்கிறான்" என்றார் பாய்.

"மீதி அரை யாரு எடுத்துக்கினா?" என்றார் அண்ணன்.

"உன்ன மாதிரி ஆளுக்குன்னு எடுத்து வச்சிக்கிறான். பாரு, பேசாத."

ஒருத்தன். அவன் பெண்டாட்டி ரயில் கேட்டில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். அவன் போர் செட்டுக்குள்ளே ஒரு மெஷின் செய்து அந்த நாளுக்குத் திரும்பிப் போகிறான். அவளைத் தடுக்கப் பார்க்கிறான். முடியவில்லை. திரும்பத் திரும்பப் போகிறான். கதை அதுதான்.

"த்ரீ பேஸ் கூட இல்ல. சிங்கிள் பேஸ்ல இந்த மெஷின் ஓடுதாம். ட்ரிப் ஆவாது?" என்றார் அண்ணன்.

"ஆனேவாலா, வாய மூடு" என்றார் பாய். சொன்ன பிறகு என்னைப் பார்த்தார். நான் பிரியாணியைப் பார்த்தேன்.

கடைசியில் என்ன ஆகிறது என்றால், அவள் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள். ரயில் வருகிறது. இவன் தூரத்திலிருந்து நில்லு என்று கத்துகிறான். அவள் குரலைக் கேட்டு நின்று திரும்பிப் பார்க்கிறாள். தண்டவாளத்தின் நடுவில் நிற்கிறாள். நிற்காமல் போயிருந்தால் தாண்டியிருப்பாள். முதல் தடவை செத்ததும் அதனால்தான். அன்றைக்குக் கத்தியதும் இவன்தான். இவன் திரும்பிப் போனதால்தான் செத்தாள். படம் முடிந்துவிட்டது.

பாய்தான் ஆரம்பித்தார்.

"எப்டி? இதுக்குத்தான் நாலரை. நான் அஞ்சே போடுவேன்."

"ஒண்ணு கூடப் போடமாட்டேன்" என்றார் அண்ணன்.

"ஏன்?"

"ஓடுன்னு கத்த வேண்டியதுதான? நில்லுன்னு இன்னாத்துக்குக் கத்துறான்? எத்தினி வாட்டி போறான், ஒரு வாட்டியாச்சும் வார்த்தய மாத்திச் சொன்னானா?"

"மாத்த முடியாது. அதான் படமே."

"இன்னா முடியாது? வாய் அவன் வாய்தான? வேற யாராவது வந்து அவன் வாயில பேசினாங்களா?"

"யோவ், நடந்தது நடந்துதான் தீரும்னு காட்டுறான். படிச்சவனுங்க எல்லாம் ஒத்துக்கினாங்க. உனக்கு இன்னா பேஜாரு?"

"நடந்துதான் தீரும்னா அவன் மேல தப்பே இல்லன்னு ஆயிடும். அப்போ அவன் எதுக்கு அழுவுறான்?"

பாய் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அண்ணனுடைய கையைப் பார்த்தார். சோறு பிசைந்த கை அப்படியே காய்ந்துபோயிருந்தது. பாய் வாயை மூடிக்கொண்டார்.

பையா தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணா, படம் நல்லா இருக்கு" என்றார்.

அண்ணன் அவரைப் பார்த்தார்.

"நீ சரியா பாக்கல. அந்தப் பொண்ணு அவன் கத்துனதுக்கு நிக்கல."

"பின்ன?"

"செருப்பு அறுந்துபோச்சு. செருப்பு பாக்குறதுக்கு நின்னா. அவன் நில்லு சொன்னாலும் நிப்பா. ஓடு சொன்னாலும் நிப்பா. சும்மா இருந்தாலும் நிப்பா. அவன் வார்த்தை ஒண்ணும் இல்ல."

"செருப்பு அறுந்துதா?"

"அறுந்துச்சு. நான் பாத்தேன். அவனுக்குத் தெரியாது. அவன் தூரமா இருக்கான். அதனால அழுறான். பாவம்."

ஒரு வருஷமாக அண்ணன் கேட்காத கேள்விக்கு பையா இப்போது பதில் சொல்லிவிட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தைப் பற்றித்தான் பேசினார்.

"அவன் சும்மா நிக்கவே தெரியாத ஆளு" என்றார் பையா. அவள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் என்றார். தமிழ் தப்பாக வந்ததோ என்னவோ. "யாரு என்ன சொன்னாலும் போயிருப்பான்."

எழுந்து கை கழுவினார். கயிற்றில் போட்டிருந்த துண்டில் துடைத்தார். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, நான் கல் ஊருக்குப் போறேன்."

"எந்த கல்?" என்றார் அண்ணன். பழக்கம். வாயில் வந்துவிட்டது.

"ஆனேவாலா."

யாரும் சிரிக்கவில்லை.

"லீவா?"

"லீவு இல்ல. வீட்ல வரச் சொல்லுது. தினமும் போன்ல அழுது. தம்பியக் கூட்டினு போனியே, நீ மட்டும் அங்க இன்னா பண்றேன்னு கேக்குது. ஊர்ல எதனா கடை வைக்கணும். நேத்து ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"எங்கிட்ட சொல்லலியே, நைனா."

"இப்ப சொல்றேன்ல."

அண்ணன் எழுந்து நின்றார். இடது கையால் பையாவின் தோளைப் பிடித்தார். வலது கையில் சோறு. பையா குனிந்து அவர் காலைத் தொடப் போனார். அண்ணன் பின்னால் நகர்ந்துகொண்டார். பையா படியில் இறங்கிப் போய்விட்டார். பாய் ஜன்னல் வழியாகக் குடை எடுத்துப் போ என்று கத்தினார். அவர் எடுத்துப் போகவில்லை.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"பாய், அந்தக் கடைசி சீனைத் திரும்பப் போடு."

"இப்ப எதுக்கு?"

"செருப்பப் பாக்கணும். நான் கவனிக்கவே இல்ல."

பாய் ரிமோட்டைத் தேடுவது மாதிரி நேரம் கடத்தினார். ரிமோட் அவர் மடியில்தான் இருந்தது.

"விடுய்யா. வேற படம் போடறேன். காமெடி படம் இருக்குது."

"போடு பாய்."

போட்டார். அவள் நடக்கிறாள். ரயில் சத்தம். அவன் கத்துகிறான். அவள் நிற்கிறாள். திரும்புகிறாள். கால் தெரிகிற இடத்தில் அண்ணன் கையைத் தூக்கினார். மில்லில் தூக்குகிற மாதிரியே. பாய் படத்தை நிறுத்தினார்.

சிவப்புச் செருப்பு. இரண்டு காலிலும் இருந்தது. வார் நன்றாக இருந்தது.

பின்னால் தள்ளி மறுபடி போட்டார். நின்ற பிறகும் அவள் கீழே பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"டிவில சரியாத் தெரியல. தியேட்டர்ல பாத்தா தெரியும்" என்றார் பாய்.

"தெரியுது பாய்."

"பையாவுக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு. வேற எங்கனா பாத்திருப்பாரு."

அண்ணன் நின்ற படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் டிவியில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பையா பொய் சொன்னது இவருக்காக. அண்ணன் வார்த்தை காரணமில்லை என்று பையா நிஜமாகவே நினைத்திருந்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அது அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது.

"ஸ்டார் குடுத்தது சரிதான்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் போனார். பாய் டிவியை அணைத்தார். பையா விட்டுப்போன தட்டையும் அண்ணன் விட்டுப்போன தட்டையும் நான் எடுத்துக் கழுவி வைத்தேன்.

மறுநாள் காலை மில்லுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வெளியே வண்டிகள் சேற்றில் நின்றன. அண்ணன் எனக்கு முன்னாடியே வந்திருந்தார். நாஷ்டா சாப்பிட்டீங்களா என்றேன். ஆச்சு என்றார். சாப்பிட்ட முகமாக இல்லை.

பெல்ட் போடுகிற நேரம் வந்தது. அண்ணன் கையைத் தூக்கினார். ஒன்று அவர் நம்பர். சொன்னார். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று சத்தம் வரிசையாக வந்தது. ஆறு நான். சொன்னேன்.

ஏழு பையா. பழக்கதோஷம், எல்லாரும் அந்தச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நின்றோம். அண்ணனும் நின்றார். கையை இறக்கவில்லை. ஸ்விட்ச் பக்கத்தில் இருந்தவன், போடட்டுமா அண்ணே என்றான். அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெல்ட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கணக்கைச் சொன்னார்.

ஆறு.