கழுத்தில் மாட்டிய நூல்

பிசியோதெரபி அறையில், தாடையிலும் பிடரியிலும் பட்டையைப் பூட்டி, கருவி அவள் தலையை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. தோள்மேல் சூட்டு ஒத்தடப் பை. உடம்புக்கு அது இதமாகத்தான் இருந்தது. மனசுதான் உலையாய்க் கொதித்தது.

நூலக்கா. அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளுக்குச் செல்லமாக வைத்த பெயர். கையில் நூலை முறுக்கிக்கொண்டு அவள் குனிந்தால், கோணல் புருவமும் வில்லாக வளையும். அந்த நிலையத்தின் முதலாளி அவளுடைய சொந்தத் தங்கை. முடி, முகம் எல்லாம் தங்கை பார்த்துக்கொள்வாள். நூலால் முடியெடுத்துப் புருவம் திருத்தும் வேலை மட்டும் என்றைக்கும் அக்காவுடையது.

இப்போதோ பிடரியில் கிளம்பும் வலி, காய்ச்சிய கம்பியாகத் தோள் வழியே இறங்கி வலது கட்டைவிரலில் முடிகிறது. விரல் அடிக்கடி மரத்துப்போகிறது. போன வாரம் ஒரு மணப்பெண்ணின் புருவ வால் பாதி போயே போய்விட்டது. தங்கை எல்லார் முன்னாலும் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க மேடம். அவங்களுக்கு முன்ன மாதிரி முடியல. அடுத்த மாசம் புது ஆள் வராங்க."

புது ஆள். அக்காவின் காதில் முதலில் சொல்ல வேண்டிய சேதி, வாடிக்கையாளருக்குச் சொன்ன சாக்கில் வந்து விழுந்தது.

பிசியோதெரபி அம்மாள் பட்டையைக் கழற்றினாள். ஆள் வாட்டசாட்டம், பேச்சும் அப்படித்தான்.

"தலையணை மாத்தியாச்சு, மெத்தை மாத்தியாச்சு. தாடையை உள்ள இழுக்கற பயிற்சியும் ஒழுங்கா செய்யறேங்கறீங்க. இங்கேர்ந்து போறப்ப நல்லாத்தான் போறீங்க, ரெண்டே நாள்ல பழைய குருடி கதவைத் திறடின்னு வந்து நிக்கறீங்க. எதையோ மறைக்கறீங்கம்மா."

"மறைக்க என்ன இருக்கு?"

"அப்ப உங்க வேலையை எனக்குச் செஞ்சு காட்டுங்க. என் புருவமும் காடாத்தான் கிடக்கு."

நூலக்கா பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். பழக்கதோஷம், யோசிக்காமலே ஒரு வளையம் போட்டுத் தன் கழுத்தில் மாட்டி, இரு முனைகளையும் விரல்களில் முறுக்கிக் குனிந்தாள். கழுத்து முன்னால் போய் வெடுக்கென்று பின்னால் வந்தது. இரண்டாவது இழுப்பிலேயே அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"இதென்ன கூத்து? நூலை வாயிலதானே கடிப்பாங்க?"

"முன்னாடி வாய்தான். எச்சில்னு யாரோ முகம் சுளிச்சாங்கன்னு, கழுத்துல மாட்டிக்கச் சொல்லிட்டா தங்கச்சி."

"நல்லாருக்கு. நான் இங்க உங்க கழுத்தை ஒழுங்கா இழுத்து விடறேன். நீங்க அங்க பொழுதன்னைக்கும் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துக்கறீங்க. கழுத்தெலும்புக்கு நடுவுல வர்ற நரம்புதான் கட்டைவிரல் வரைக்கும் ஓடுது. அது நசுங்கினா விரல் எப்படி வேலை செய்யும்? இதை ஏன் முதல்லயே சொல்லல?"

என்னவென்று சொல்வாள்? தாயில்லாத வீட்டில், தூக்கம் வராத குழந்தையாக அந்தத் தங்கை கட்டிக்கொண்டு தொங்கியது இந்தக் கழுத்தைத்தான். அதே கழுத்தில் அவளே சுருக்கை மாட்டினாள் என்று அடுத்தவரிடம் எந்த வாயால் சொல்வாள்?

"ரெண்டு கையாலயே செய்யற முறை ஒண்ணு இருக்கு. நேரம் பிடிக்கும்" என்றாள் நூலக்கா.

"பிடிக்கட்டும். இல்லைன்னா நாளைக்கு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது."

மறுநாள் நிலையத்தில் தங்கையே நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். சாயங்காலம் ஏதோ பெரிய இடத்து விருந்து. சுவரோரம் இரண்டு பெண்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நூலக்கா நூலை இரண்டு கைகளிலும் கோத்து, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நிதானமாக வேலையைத் தொடங்கினாள்.

"என்னக்கா இது, எறும்பு ஊர்ற மாதிரி? கழுத்துல மாட்டு."

"மாட்ட மாட்டேன். என் கை போனதே அதனாலதான்."

"ஆரம்பிச்சிட்டியா? அன்னைக்கு என்னடான்னா கண்ணாடி முன்னாடி தாடையை உள்ள இழுத்து இழுத்து, வந்தவங்களுக்கு ரெட்டைத் தாடை காட்டின. இது அழகு நிலையம்க்கா, ஆஸ்பத்திரி இல்ல. முடியலைன்னா வீட்டுல ரெஸ்ட் எடு. அதுக்குத்தானே புது ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

நூலக்காவின் கைகள் நின்றன. வலது புருவம் முடிந்திருந்தது. தேர்ந்த ஓவியன் இழுத்த கோடு போல. இடது புருவம் இன்னும் புதர்.

அவள் நூல்கண்டைத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"அடுத்ததை நீயே செஞ்சுக்க. கழுத்துல மாட்டிச் செய். அதுதான் சீக்கிரம் முடியுமாமே."

"அக்கா, விளையாடாத. எனக்கு நேரமாகுது."

"எனக்கும்தான் நேரமாச்சு. இதைச் சொல்ல இவ்வளவு நாளாச்சு."

சுவரோரப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "அப்படியே போங்க மேடம். புது ஃபேஷன்னு நினைச்சுப்பாங்க."

தங்கைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நூலை வெடுக்கென்று கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன் நின்றாள். பார்த்துப் பழகிய வேலைதானே என்று நினைத்திருப்பாள். இழுத்தாள், நூல் பிடரியில் அறுத்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும். நாலைந்து முடிதான் வந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வலிக்குதுக்கா."

"அரைப் புருவத்துக்கே வலிக்குது உனக்கு."

தங்கை அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு அக்காவின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே அதே இடத்தில், ஆறி ஆறிக் கறுத்துப்போன தழும்பு. தினமும் பக்கத்திலேயே நின்றவள், ஒருநாளும் பார்த்ததில்லை.

"செஞ்சு விடுக்கா" என்றாள் குரல் இறங்கி. "கையாலயே செய். எவ்வளவு நேரமானாலும் சரி."

"செய்யறேன். இன்னைக்கு மட்டுமில்ல, இந்த நாற்காலியில இனிமே எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் செய்வேன். புதுசா வர்றவ வரட்டும், அவளுக்கும் கையாலதான் கத்துக் குடுப்பேன். அவ கழுத்தும் கழுத்துதான்."

"சரிக்கா."

அந்த ஒரு வார்த்தையில் ஆறிவிடுகிற கோபமா அது? நூலக்கா கண்ணாடிக்கு நேரே, எல்லாரும் பார்க்க, நிமிர்ந்து நின்றாள். தாடையை உள்ளே இழுத்தாள். இரட்டைத் தாடை விழுந்தது. விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"அக்கா, கார் வந்துரும்."

"உக்காரு. என் பயிற்சி முடியட்டும்."

ஒற்றைப் புருவத்தோடு முதலாளி உட்கார்ந்து காத்திருந்தாள்.