டிரம்ஸ் சத்தத்துக்காகக் குற்றாலம் போனேன்

சீசனில் குற்றாலம் போய், அருவியில் தலைகூட நனைக்காமல் திரும்பிய ஆள் நானாகத்தான் இருப்பேன். போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். பழைய தப்பு ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு ஆலங்குளத்தில் நண்பர்களின் மெல்லிசைக் குழுவை வீடியோ எடுத்திருந்தேன். மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ரெக்கார்டரில் சொருகிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் பாட்டு இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, டிரம்ஸ் இல்லை. சின்ன மண்டபத்தில் டிரம்ஸுக்கு யாரும் மைக் வைப்பதில்லை, அது தானாகவே கேட்கும். மைக் இல்லாத சத்தம் மிக்ஸருக்கு எப்படிப் போகும்? டிரம்ஸ் வாசிக்கும் அச்சன்புதூர் மீரான், வீடியோவில் ஈ ஓட்டுவதுபோல் கையை வீசிக்கொண்டிருந்தான். "பரவால்லண்ணே" என்றான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இதற்குள் அவனுக்குத் துபாய் விசா வந்துவிட்டது, அடுத்த செவ்வாய்க்கிழமை விமானம். குற்றாலத்தில் ஒரு கல்யாண வரவேற்புதான் அவனுடைய கடைசிக் கச்சேரி. இந்த முறை விடுவதாக இல்லை.

மதுரையில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். சுமார் 160 கி.மீ., டிக்கெட் 150 ரூபாய். தென்காசியில் இறங்கும்போது பத்தே கால். அங்கிருந்து குற்றாலம் ஆறு கி.மீ.தான், டவுன் பஸ் நிறைய உண்டு. மைக் ஸ்டாண்டும் கேமராப் பெட்டியும் இருந்ததால் 200 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போனேன்.

"குளிக்க வந்தீயளா, ஷூட்டிங்குக்கு வந்தீயளா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"டிரம்ஸுக்கு" என்றேன்.

மூன்று மணிக்கு மைக் செட் போடும் சுடலை அண்ணாச்சி மண்டபத்துக்கு வந்தார். முதல் சிக்கல் எக்கோ. பாடகி ஒரு சொல் பாடினால் மூன்று சொல் திரும்பி வந்தது. அது அப்படியே பதிவானால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. குறைக்கச் சொன்னேன்.

"எக்கோ இல்லாமப் பாடுனா, புள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லுவாவ தம்பி. செட்டு சரியில்லன்னும் சொல்லுவாவ. அப்புறம் எவன் என்னையக் கூப்பிடுவான்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நான் விடாக்கண்டன். "மண்டபத்துக்கு எவ்வளவு வேணும்னாலும் வைங்க அண்ணாச்சி. எனக்கு எக்கோ கலக்காம தனியா ஒரு லைன் போதும். நான் செட்டுல கை வைக்கல, நீங்களே எடுத்துக் குடுங்க." ஆலங்குளத்தில் நடந்ததையும் செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். அவர் மீரான் பக்கம் திரும்பி, "ஏலே, போறியாக்கும்?" என்றார். பிறகு மிக்ஸருக்குப் பின்னால் குனிந்து ஒயரை மாற்றிக் கொடுத்தார்.

டிரம்ஸுக்கு மேலே என்னுடைய மைக் இரண்டை வைத்தேன். பலகை மேடை அதிரும் என்பதால், பஜாரில் 120 ரூபாய்க்கு ஒரு துண்டு வாங்கி மடித்து ஸ்டாண்டின் காலடியில் போட்டேன். சாரல் காற்று நேராக மைக்கில் அடித்தது, அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தினேன். மேடை ஃபேனை நிறுத்தச் சொன்னதற்கு மாப்பிள்ளையின் மாமா முறைத்தார். முறைத்துக்கொண்டே நிறுத்தினார்.

ஆறரை முதல் எட்டு மணி வரை ரெக்கார்டரைவிட்டு நான் நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால், மிக்ஸர் ஒயரை மட்டும் நம்பாதீர்கள். சத்த அளவு வைக்கும்போது வாத்தியக்காரர் முழு வேகத்தில் வாசிக்க வேண்டும். அப்போது ஒப்புக்குத் தட்டினால், கச்சேரியில் சத்தம் அளவு மீறிப் பதிவு கரகரத்துவிடும். ஒரு கேமராவாவது நிறுத்தாமல் ஓடட்டும், பிறகு சத்தத்தைப் படத்தோடு பொருத்த அதுதான் உதவும். எல்லாவற்றுக்கும் முன்னால் மைக் செட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

முடிந்ததும் ஹெட்போனை மீரானிடம் கொடுத்தேன். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டான்.

"இத போன்ல ஏத்தித் தாங்கண்ணே" என்றான். "அங்கன குடோன்ல பெட்டி கட்டுத வேலை. ரூம்ல எட்டுப் பேராம். பெட்டி கட்ட வந்தவன்னுதான நெனப்பானுவ. இதப் போட்டுக் காட்டுவேன்."