இணுவில்காரனுக்கு எதற்குச் சத்தமில்லாத கணினி?

அக்கா வீட்டிலிருந்தபடி கனடாப் பிள்ளைகளுக்கு இணையத்தில் வயலின் படிப்பிக்கிறார். நேற்று ஒரு பிள்ளை எங்கள் கணினி விசிறியின் இரைச்சலைச் சுருதிப்பெட்டி என்று நினைத்து, அதற்கே வயலினைச் சுருதி சேர்த்துவிட்டது. இப்படியே போனால் அக்காவுக்கு மாணவர்கள் மிஞ்ச மாட்டார்கள்.

அதனால் இன்று மருதனார்மடத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். சின்னப் பெட்டி, அதிகம் சூடாகாத முப்பத்தைந்து வாட் புரொசெசர், விசிறிச் சத்தம் கூடாது. கேட்டது இவ்வளவுதான்.

"எந்த ஊர் தம்பி?" என்றார் கடைக்கார அண்ணை.

"இணுவில்."

"வீட்டுக்கு வீடு தவில் அடிக்கிற ஊரிலை ஆருக்கு ஃபான் சத்தம் கேக்கப் போகுது? நூற்றிருபத்தைஞ்சு வாட் போட்டுத் தாறன். கலர் லைற்றும் எரியும்."

"சின்னப் பெட்டிக்குள்ளை அது கொதிச்சு, விசிறி இன்னும் கத்துமண்ணை."

"அப்ப பெரிய பெட்டியா எடும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவிலுக்குத் தாளமாவது இருக்கிறது!

அந்த நேரம் அவருடைய ஃபோன் அடித்தது. "என்ன? கேக்கேல்லை!" என்று இரண்டு தரம் கத்தினார். பிறகு மேசையில் இரைந்துகொண்டிருந்த தன் கலர் லைற் கணினியை முறைத்துவிட்டு, பஸ் ஹோர்ன் அலறும் சந்திக்கு இறங்கிப் போய்க் கதைத்தார். அங்கே அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன்: "அப்ப அக்காவும் சந்தியிலை நிண்டு படிப்பிக்கட்டோ அண்ணை?"

முப்பத்தைந்து வாட் விற்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னாலும் கேட்கும், கணினியை நிறுத்திவிட்டுத்தான் இருக்கிறேன்.