கொக்கிக்குள் ஒரு நட்சத்திரம்

போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்குக் கொக்கி என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளக் கவரோடு சரி. வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் இந்த நாளிலும், பழைய வாடிக்கையாளர் யாராவது கடைத்தெருவில் பார்த்தால், "என்ன கொக்கி, சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்கள். உடனே அந்த மாடியறையும் ஜன்னலோர மேஜையும் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையும் அவள் கண்முன் வந்து நிற்கும்.

அந்தப் பேர் முதலாளியால் வந்தது. படம் நன்றாக அமைந்தால் அதன் பின்பக்கம் பென்சிலால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது அவர் பழக்கம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. படத்தின் பேரிலேயே நட்சத்திரத்தைச் சேர்த்துவிடுவார். அந்தக் கம்ப்யூட்டரிலோ எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். அதற்கு நட்சத்திரம் என்றால் 'இங்கே இருப்பதெல்லாம்' என்று அர்த்தம். ஒரு படத்தைக் கேட்டால் ஊரையே கூட்டி வந்து நிறுத்தும். பேரின் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி போட்டால்தான், உள்ளே இருப்பது வெறும் குறி என்று பேசாமல் எடுத்துக்கொள்ளும். அந்த மேற்கோள் குறியைத்தான் அவள் கொக்கி என்பாள். 'கொக்கி போட்டீங்களா?' என்று நாள் முழுக்க முதலாளியைக் கேட்டுக் கேட்டு அதுவே அவள் பேராகிவிட்டது.

முதலாளியின் மனைவிக்குக் கேமரா என்றாலே ஆகாது. முன்பல் தூக்கல் என்று ஒரு குறை. எதிர்வீட்டுக்காரியோடு பேசி அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, முதலாளி ஜன்னல் வழியாக ஒரு படம் பிடித்துவிட்டார். அதற்கு வேறு பேர் எதற்கு என்று வெறும் நட்சத்திரத்தை மட்டும் பேராக வைத்தார். வைத்த இடம்தான் வம்பு. அந்தப் பருவத்துக் கல்யாணப் படங்கள் எல்லாம், பிரிண்ட் கூடப் போடாமல், அதே இடத்தில் இருந்தன.

சாப்பாட்டுக் கேரியரோடு மாடியேறி வந்த மனைவி திரையில் தன் சிரிப்பைப் பார்த்துவிட்டார்.

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் வாயை மூடச் சொல்லிட்டு, என் பல்லைத்தான் காட்டணுமா? இப்பவே, என் கண்ணு முன்னாடி அழிங்க."

முதலாளி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். அழிக்கும் கட்டளையைத் தட்டினார். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். விரல் கடைசி விசைக்குப் போனது. அவள் கையிலிருந்த படங்களைக் கீழே போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முதலாளி, கொக்கி."

கல்யாணப் படங்கள் அத்தனையும் போயிருக்கும் என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. முகம் வெளிறிவிட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறீர்களா என்று மனைவி பொரிந்தார். அவள் அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். நட்சத்திரத்துக்கு இரண்டு பக்கமும் கொக்கி போட்டாள். ஆனால் அழிக்கவில்லை. பேரை மாற்றி, மங்கலாக விழுந்து வீணான படங்களோடு தள்ளிவிட்டாள். பட்டியலில் அந்த ஒற்றை நட்சத்திரம் இல்லை என்று பார்த்துவிட்டு மனைவி இறங்கிப் போனார். அழிந்தே போனது என்று முதலாளியும் நம்பிவிட்டார். கேரியர் திறக்காமலே கிடந்தது.

அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் அவர் நட்சத்திரம் போடவில்லை. சொல்லிவிடலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, முதலாளி வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அந்த அம்மாளே ஏறி வந்தார்.

"எங்க வெச்சிருக்க?"

"என்னது அக்கா?"

"அழிச்சிருந்தா உன் முழி இப்படியா இருக்கும்? அந்த மனுஷன் வேற பென்சிலையே தொட மாட்டேங்கறாரு. எடுத்துப் பிரிண்ட் போடு."

பிரிண்ட் ஈரம் காய்வதற்குள் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார்.

"பல்லு அவ்வளவு மோசமில்ல."

பிறகு முதலாளியின் பென்சிலை எடுத்துப் பின்பக்கம் கோணலாக ஒரு நட்சத்திரம் போட்டு, அவர் மேஜை மேல் வைத்தார்.

"கொக்கி வேணாமாக்கா?"

"எதுக்கு? அவரு என்ன உன் கம்ப்யூட்டரா?" என்று பல் தெரியச் சிரித்தபடி இறங்கிப் போனார்.