அப்பா பார்த்துக் கொடுத்த வேலை

என் தொழில் வாழ்க்கை இறங்குமுகம் என்பதுதான் அப்பாவின் கணிப்பு. ஜெனரேட்டர் இன்ஜினீயராக இருந்தபோது என் கையில் கிரீஸ் இருந்தது, அது வேலை. அந்தக் கம்பெனிக்கே நிர்வாக இயக்குநர் ஆனதும் கிரீஸ் போய் டை வந்தது. அப்போதே சந்தேகப்பட்டார். பிறகு அதையும் விட்டுவிட்டு, சிறு தொழிற்சாலைகளில் முதலீடு செய்துகொண்டு பர்மாவில் தாமுவே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் போனும் கையுமாக உட்கார்ந்தேன். பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் டிபன் கேரியரோடு கிளம்பாதவன் அவர் கணக்கில் சும்மா இருப்பவன். விளக்கிப் பார்த்தேன். "சரி, சரி" என்று தோளைத் தட்டினார். தான் கண்ணை மூடுவதற்குள் நான் ஒரு வேலையில் உட்கார வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லிக் கண்கலங்கினாராம்.

ஒருநாள் எனக்கு வேலை பார்த்துவிட்டதாக வந்து நின்றார். ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இன்ஜினீயர் தேவையாம். கோயிலில் பழக்கமான வாட்ச்மேன் மூலம் மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தத் தொழிற்சாலையில் பாதிப் பங்கு என்னுடையது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். யாரிடமும் எதற்கும் போய் நிற்காத மனிதர். பேசாமல் போய்வாருங்கள் என்று மனைவி கண்ணைக் காட்டினாள்.

என்னைக் கண்டதும் மேனேஜர் எழுந்தார். உட்காரச் சொல்லி ஜாடை காட்டினேன். அவர் பர்மியர், கண்டிப்பானவர். ஆளெடுக்கும்போது யார் சிபாரிசையும் பார்க்காதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தவன் நான்தான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, அவரை மரியாதையாக ஸயா என்று அழைத்து, பையன் எந்த வேலை கொடுத்தாலும் செய்வான் என்று பர்மிய மொழியில் சொன்னார். பையனுக்கு ஐம்பது வயது.

மேனேஜர் சற்று யோசித்தார். பிறகு எல்லோருக்கும் வைக்கும் சோதனையை எனக்கும் வைத்தார். மின்சாரம் இல்லாத நேரம். கிளப்பினால் நின்றுபோகும் ஜெனரேட்டர் ஒன்றைக் காட்டினார். என் காலத்தில் அதில் முள் காட்டும் மீட்டர்கள் இருந்தன. இப்போது திரை இருந்தது. இரண்டு பொத்தான்களை அழுத்தினேன். பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றும் நின்றது. ஐஸ் உருகினால் பாதி நஷ்டம் எனக்குத்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

இவர் சரிப்பட மாட்டார் என்று மேனேஜர் அப்பாவிடம் வருத்தத்தோடு சொன்னார். நல்ல மேனேஜர்.

திரும்பும் வழியில் அப்பா தேநீர்க் கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் தன் டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"விடுறா. நான் இருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு குறையும் வராது."

இத்தனை வருடங்களில் நான் உட்கார்ந்த எந்தப் பதவியிலும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்பதற்காகவே வேலையில்லாதவனாக இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்படியே இருக்கிறேன்.