தானாக என்று எழுதாதவர்

வலது கை சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போட்டது. இடது கை வந்து அதைக் கழற்றியது. வலது கை மறுபடி போட்டது. இடது கை, அவசரமே இல்லாமல், மறுபடி கழற்றியது. ஏழரை மணிக்கு நான் அந்த அறையைக் கடந்தபோது அவர் இதைச் செய்துகொண்டிருந்தார். எட்டு மணிக்கு மருந்து வண்டியோடு திரும்பியபோதும் அதே பொத்தான்தான்.

"போட்டு விடட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். எத்தனை தடவையில சலிக்குதுன்னு பார்க்கிறேன். இருபத்தாறு ஆச்சு."

"யாருக்குச் சலிக்கணும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

காலையில் எனக்குப் பதினாலு பேர். யோசிக்க விட்டால் பதினைந்தாவது ஆளாக நானே படுத்துவிடுவேன். பொத்தானை நானே போட்டு, அவருடைய இடது கையில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்தேன். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் அந்தக் கை சும்மா இருக்கும். அவர் அந்தக் கையை, முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்தவர்களை ஆஸ்பத்திரி அனுப்பிய பிறகு ஆறு வாரம் வைத்துப் பழக்கி வீட்டுக்கு அனுப்பும் இல்லம் எங்களுடையது. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கே வந்தேன். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். அடுத்தவர் வாசலில் காத்திருப்பார்.

இவர் குடிநீர் வாரியத்தின் நீரேற்று நிலையத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அங்கே இவருக்குப் பெயர் 'காரணம்'. "காரணம் வந்தாச்சு, டீயை மறைங்கடா" என்பார்களாம். டீ ஆறிப்போனாலும் ஏன் ஆறியது என்று கேட்கிற ஆள். மோட்டார் நின்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் 'தானாக நின்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் அடுத்த ஷிப்டில் வந்து 'தானாக' என்பதை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'காரணம் தெரியவில்லை, தேடுகிறேன்' என்று எழுதுவார். முப்பது வருடம் அடித்தார். ஒரு முறை ஒன்பது நாள் தேடி, ஒரு ரிலே சுவிட்சின் முனைகளுக்கு நடுவே எறும்புகள் நசுங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்து, 'காரணம்: எறும்பு' என்று எழுதினார். நிலையமே ஒரு வருடம் சிரித்தது. ஆனால் அந்த மோட்டார் அதன்பிறகு நிற்கவில்லை.

அப்படிப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு கை.

எங்கள் டாக்டர் சின்ன வயது, நல்ல மாதிரி. மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு நரம்புக் கட்டு இருக்கிறது, அது அடிபட்டிருக்கிறது, அதனால் இடது கை கேட்காமல் வேலை செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்.

"அந்தக் கை செய்யறதுக்கு நீங்க பொறுப்பு இல்லைங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"சரிங்க டாக்டர். வலது கை செய்யறதுக்கு நான்தான் பொறுப்புன்னு எப்படித் தெரியும்?"

"அது... நீங்க நினைச்சு செய்யறீங்க இல்லையா?"

"நினைக்கிறதை யார் ஆரம்பிச்சு வைக்கிறாங்க? நான் நினைக்கணும்னு முதல்ல நினைச்சிட்டு அப்புறம் நினைக்கிறேனா?"

டாக்டர் சிரித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். நான் நின்று முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் கட்டிலில் இருந்தவரின் காலுக்கு நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் வருவது மைத்துனர், மனைவியின் அண்ணன், பேனா நோட்டுப் புத்தகம் விற்கும் கடைக்காரர். அவருக்கு எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்தது. தங்கையின் கல்யாண நாளிலிருந்து இருவரும் இதைப் பேசுகிறார்கள்.

"மாப்பிள்ளை, உங்க கை மேல உங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு இப்பவாவது ஒத்துக்கங்க. அன்னிக்கே சொன்னேன்."

"எல்லாம் எழுதி வெச்சதுன்னா கடைக்கு எதுக்கு மச்சான் ரெண்டு பூட்டு போடறீங்க?"

"பூட்டணும்னும் எழுதியிருக்கு."

"ரெண்டாவது பூட்டும்?"

"முதல் பூட்டு மட்டமானதுன்னும் எழுதியிருக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் பேச்சு வராதவர், அவர்கூடச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேச்சு முடியாமல் எந்த மாலையிலும் பயிற்சி தொடங்கியதில்லை.

மனைவி பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. அதிகம் பேசாதவர். வருவார், அழுக்குத் துணியை எடுப்பார், துவைத்ததை வைப்பார், ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுப்பார்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை. சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆரஞ்சுச் சாறு அவர் தாடையில் வழிந்தது. துடைக்க அவர் பக்கமாகக் குனிந்தார் மனைவி. இடது கை எழுந்து மனைவியின் கன்னத்தில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி பறந்து சுவரோரம் விழுந்தது. சத்தம் நன்றாகவே கேட்டது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

மனைவி கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டார்:

"இப்ப அடிச்சது யாரு?"

அவர் தாடையில் வழிந்த சாற்றை வலது கையால் துடைத்தார்.

"நீங்க இல்லன்னு சொல்லுங்க. அது போதும். நான் உக்காந்து மிச்சச் சுளையையும் உரிச்சுத் தர்றேன்."

அவர் இடது கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

மனைவி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் எத்தனையோ மடையர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒற்றை வார்த்தையில் தப்பித்திருக்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு யோசித்த மடையனை அன்றுதான் பார்த்தேன்.

"நான் இல்லன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"அப்ப வேற யாரு சிஸ்டர்? கை தானா அடிச்சுதுன்னு சொல்லச் சொல்றீங்க. தானா எதுவும் நடக்காதுன்னு ஊரையே திட்டினவன் நான். எனக்குன்னு வரும்போது மட்டும் மாத்திச் சொல்லணுமா?"

"அப்ப நான்தான் அடிச்சேன்னு சொல்லித் தொலைங்க!"

"அதுவும் தெரியலயே."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், மனைவி வரவில்லை. வெள்ளிக்கிழமை அவரை அனுப்ப வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்ப முடியும். இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் நிரந்தர விடுதி. அங்கே இந்த மாதிரிக் கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். "கட்டிப் போடறதுக்கு அவங்களுக்கும் காரணம் இருக்கும்" என்றார். கையிலிருந்த பாத்திரத்தை வேகமாக வைத்தேன்.

புதன்கிழமை மனைவிக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, உங்களுக்குமா இந்த வாதம்? அது வியாதி. டாக்டர் சொல்லலையா?"

"வியாதின்னு எனக்கும் தெரியும் சிஸ்டர். அடி எனக்குப் பெரிசில்ல. எங்க பொண்ணுக்கு மூணு வயசுல வெந்நீர் கொட்டிடுச்சு. ஸ்டூல் மேல பாத்திரத்தை வெச்சு ஊத்திக்கிட்டிருந்தேன், சாஞ்சிடுச்சு. புள்ள கால் வெந்துபோச்சு. எப்படி நடந்துச்சுன்னு தெரியலங்கன்னு அழுதேன். 'எப்படின்னு தெரியாம ஒண்ணும் நடக்காது. நீ கவனிக்கல, அதான்'னு சொன்னார். ஒரே ஒரு தடவை, அதுக்கப்புறம் சொல்லவே இல்ல. ஆனா இருபத்திரண்டு வருஷமா நான் கவனிக்காதவளாத்தான் அந்த வீட்டுல இருக்கேன். பொண்ணும் அப்படித்தான் நினைச்சு வளர்ந்தா. இப்ப அவரோட கைக்கு மட்டும் டாக்டர் மன்னிப்பு எழுதித் தர்றாரா? தெரியாம நடக்கும்னு அவர் வாயால வரட்டும். வந்தா கூட்டிட்டுப் போறேன்."

நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்போது கட்டில் காலியாவதில்லை.

வியாழக்கிழமை மாலை மனைவி அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டிலின் வலப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். நான் நிரப்பிய படிவத்தோடு நின்றேன்.

"சிஸ்டர் எல்லாம் சொல்லியிருப்பாங்க" என்றார் மனைவி.

"சொன்னாங்க."

"சொல்லுங்க, அப்ப."

"நீ கேக்கறதை என்னால சொல்ல முடியாது. தெரியாம நடக்கும்னு சொன்னா பொய்."

மனைவி எழுந்தார். அண்ணன், "உக்காரும்மா" என்றார். நான் படிவத்தை மடித்தேன். போதும் என்றிருந்தது.

"அந்த வெந்நீர் பொய்னு சொல்றேன்" என்றார் அவர்.

யாருக்கும் புரியவில்லை.

"ஸ்டூல் ஆடும். ஒரு கால் குட்டை. நீ ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருந்த. ஞாயித்துக்கிழமை பாக்கறேன், ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு விட்டேன். அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருக்கும்போது வீட்டுக்கு வந்து பாத்திரத்தை வெச்சுப் பார்த்தேன். ரெண்டு தடவை சாஞ்சுது. அப்புறம் காலுக்கு அடியில ஒரு கட்டையை அடிச்சேன்."

"எப்ப?"

"அன்னிக்கே."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அதுக்கப்புறம்தான் என்னை அப்படிச் சொன்னீங்க."

"ஆமா."

ஊர் மோட்டாருக்கெல்லாம் காரணம் எழுதிய ஆள், வீட்டில் ஒன்றை எழுதாமல் இருபத்திரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறார். கையில் இருந்த படிவத்தால் அவர் மண்டையில் ஒன்று போடலாம் போல எனக்கு இருந்தது. செய்யவில்லை, எனக்கு இரண்டு கையும் சொன்னதைக் கேட்கும்.

"மாப்பிள்ளை, பரவாயில்ல, அதுவும் அப்படி நடக்கணும்னு..." என்று தொடங்கினார் அண்ணன்.

"அண்ணா, நீ ஒரு வார்த்தை பேசின, நான் உன்னை அடிப்பேன். அதை நான்தான் அடிச்சேன்னு எழுதியும் குடுப்பேன்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். முப்பது வருட வாதம் அன்றைக்கு ஒரு மாலை நின்றது.

"சனிக்கிழமை உன்னை அடிச்சதுக்கு யார் காரணம்னு எனக்கு நிஜமாவே தெரியலம்மா" என்றார் அவர். "தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்."

மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. "நாளைக்கு எத்தனை மணிக்குள்ள சொல்லணும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்பது. அதுக்கு மேல விடுதி வண்டி வந்துடும்."

போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மனைவி தனியாக வந்தார். முகத்தில் சமாதானம் ஒன்றும் இல்லை. கட்டில் பக்கம் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"அந்தக் கை ஏதாவது பிடிச்சா விட மாட்டேங்குது. எப்படி விடுவிக்கிறதுன்னு காட்டுங்க."

காட்டினேன். விரல்களைப் பிரித்து இழுக்கக் கூடாது. மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் பிடி தளரும். கட்டிலுக்குக் கூட்டிப்போய், அவர் கையைக் கொண்டே காட்டினேன். மனைவி மூன்று முறை செய்து பார்த்தார். முதல் முறை தப்பு, இரண்டாவது முறை பலம் அதிகம், மூன்றாவது சரி.

"வலிக்கல" என்றார் அவர்.

"நான் கேக்கல."

பிறகு மனைவி போனை எடுத்து, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டார். "அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வேலை இருந்தா அப்படியே வெச்சுட்டுக் கேளு." போனை அவர் வலது கையில் கொடுத்தார். "ஸ்டூலைப் பத்தி. எனக்குச் சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ணு, உன் கால்..." என்று தொடங்கியதும் இடது கை எழுந்துவந்து போனைப் பற்றி இழுத்தது. அவர் பயந்து மனைவியைப் பார்த்தார். மனைவி அந்த மணிக்கட்டை மடக்கி, விரல்களை விடுவித்து, கையைத் தன் மடியில் இறக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மறுமுனையில் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எட்டு நாற்பதுக்கு மனைவி படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் விடுதிக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்று சொன்னேன்.